புல்லட் டேங்கில் துரு: ஆசிட் ஊற்றி உள்பூச்சு போட்டால் போதுமா?

கேள்வி – 7 செப்டம்பர் 2025

என்னுடையது வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட் 350. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியில் டேங்க் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்ற வண்டி. எஞ்சினைப் பிரித்துச் சரி செய்தாகிவிட்டது. டேங்கை மட்டும் யாரும் தொடவில்லை. இப்போது டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கைக் கழற்றினால் செம்பழுப்பாகத் தூள் வருகிறது. கார்புரேட்டர் வாரம் தவறாமல் அடைக்கிறது. பாத்ரூம் ஆசிட் ஊற்றிக் குலுக்கிக் கழுவிவிட்டு உள்ளே எப்பாக்ஸி என்ற பிசினை உள்பூச்சாக ஊற்றினால் வண்டியின் ஆயுளுக்கும் கவலை இல்லை என்று மெக்கானிக் உறுதியாகச் சொல்கிறார். செய்யலாமா?

8 செப்டம்பர் 2025

ஆசிட் வேண்டாம். எப்பாக்ஸி வேண்டுமா என்பதை இன்றைக்கே முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் டேங்கில் துளை இருக்கிறதா, வெறும் துரு மட்டும்தானா என்பது உங்களுக்கும் தெரியாது, உங்கள் மெக்கானிக்குக்கும் தெரியாது. துருவை எடுப்பது ஒரு வேலை, கசிவை அடைப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே மூச்சில் செய்து முடிக்க நினைப்பதால்தான் பூச்சு உரிந்துபோன டேங்குகள் பட்டறைகளில் குவிந்து கிடக்கின்றன.

முதலில் வடிப்பதைப் பற்றிச் சொல்கிறேன், அதைத்தான் எல்லோரும் அலட்சியமாகச் செய்கிறார்கள். பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால் தீப்பற்றும். நிறைந்த டேங்கில் ஆவி தங்குவதற்கு இடம் குறைவு; காலியாக்கிய டேங்க் முழுவதும் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். ஆகவே வடித்து முடித்த டேங்கே அதிக ஆபத்தானது. ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தரையாக ஊர்ந்து, பக்கத்து அறையில் எரியும் விளக்கையோ அடுப்பையோ எட்டிவிடும். வீட்டுக்குள் செய்யாதீர்கள், போர்ட்டிகோவில் பூசை மாடமோ இன்வெர்ட்டரோ இருந்தால் அங்கேயும் வேண்டாம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளிக்கொண்டு போய், எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு தொடங்குங்கள்.

காக்கைத் திறந்து குழாய் வழியாக வடித்தால் டேங்க் காலியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். காக்கின் உள்ளே இரண்டு வழிகள் இருக்கின்றன. சாதாரண நிலைக்கு உரிய குழல் உயரமாக நிற்கிறது. ரிசர்வ் வழியின் வாய் தாழ்வாக இருக்கிறது. அந்தத் தாழ்ந்த வாய்க்கும் கீழே ஒரு விரற்கடை ஆழம் எப்போதும் வடியாமல் தங்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் அது தங்கும் இடமும் அதுவேதான். எனவே ரிசர்வில் வடித்த பிறகு காக்கையே முழுதாகக் கழற்ற வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: சட்டத்தின் மேற்குழாய் டேங்கின் நடுவே புகுந்து செல்வதால் அடிப்பகுதி இரண்டு மடல்களாகப் பிரிந்திருக்கிறது. காக் இல்லாத மடலில் தேங்குவது தானாக வெளியே வராது. டேங்கை வண்டியிலிருந்து இறக்கி, மூடியைத் திறந்து கவிழ்த்தால் மட்டுமே கடைசித் துளியும் போகும்.

9 செப்டம்பர் 2025

வடித்த பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் பிடிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 1934ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம். ஆனால் இறுக மூடிய உலோகக் கலத்தில் என்றால் 25 லிட்டருக்கு மிகாமலும், கண்ணாடியிலோ பீங்கானிலோ என்றால் ஒரு லிட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். குடிநீர் பாட்டிலுக்கு அதில் இடமே இல்லை. சட்டத்தை விடுங்கள்: வீட்டில் குழந்தை இருந்தால் தண்ணீர் பாட்டிலில் எதையும் ஊற்றி வைக்கக் கூடாது. உலோகக் கேன் ஒன்று வாங்குங்கள், அதைத் தரையில் வைத்தே நிரப்புங்கள். பிளாஸ்டிக் புனலில் வேகமாகப் பெட்ரோல் ஓடும்போது நிலைமின்சாரம் சேரும்.

13 செப்டம்பர் 2025

கேள்வி கேட்டவர் டேங்கை இறக்கிவிட்டதாகவும், கவிழ்த்தபோது ஒரு டம்ளர் அளவுக்குத் தண்ணீர் வந்ததாகவும் எழுதியிருக்கிறார். புயல் கடந்து இரண்டு மழைக்காலம் ஆகப் போகிறது. மூடியில் இருக்கும் காற்றுத்துளை வழியாக அன்றைக்குப் புகுந்த தண்ணீராக இருக்கலாம், அதன்பின் சேர்ந்ததாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் நோய் அதுதான். துரு வெறும் அறிகுறி. தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் உள்பூச்சு போடுபவர், பூச்சுக்கு அடியில் அடுத்த துருவை வளர்க்கிறார்.

இப்போது செய்ய வேண்டியது கழுவுதல். பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் ஊற்றிக் குலுக்கி வடித்து, பெட்ரோல் வாசனை அடியோடு போகும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பழைய பெட்ரோல் உலர்ந்து வார்னிஷ் போல ஒட்டியிருக்கும் இடத்தில் எந்த அமிலமும் துருவை எட்டாது. ஆகவே எண்ணெய்ப் பசை முதலில் போக வேண்டும்.

அடுத்தது துளை இருக்கிறதா என்று பார்ப்பது. இதற்கு விலையில்லாத பழைய வழி ஒன்று உண்டு. டேங்கை நன்றாக உலர்த்தி, வெளிப்புற அடிப்பகுதியிலும் பற்றவைத்த (வெல்டிங் செய்த) விளிம்பிலும் சாக்பீஸ் தூளைத் தண்ணீரில் குழைத்துப் பூசிக் காயவிடுங்கள். உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு வையுங்கள். ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசலும் வேலை செய்யும், சற்று மெதுவாக. மயிரிழைத் துளையிலும் மண்ணெண்ணெய் ஊடுருவி வந்து வெள்ளைப் பூச்சில் கறையாகத் தெரியும். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பைப் பயன்படுத்த வேண்டாம், அது பழைய பெயிண்டைக் கெடுக்கும். கம்ப்ரெஸரில் காற்று அடித்துச் சோதிக்கலாம் என்று எழுதியவருக்கு: தகரத்தை அழுத்திச் செய்த இந்த டேங்க் அழுத்தம் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. பஞ்சர் கடைக் காற்றுக்கு அது உப்பிவிடும், உப்பினால் பழைய உருவம் திரும்பாது.

14 செப்டம்பர் 2025

உள்ளே பார்ப்பதற்கு மொபைலில் இணைக்கும் குச்சிக் காமிரா நல்ல கருவிதான். ஆனால் கழுவிய பிறகு. ஆவி இருக்கும் டேங்குக்குள் மின்கருவி எதையும் நுழைக்காதீர்கள்.

21 செப்டம்பர் 2025

இனி அமிலம்.

பாத்ரூம் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது துருவைத் தின்னும் என்பதில் ஐயமில்லை; துரு தீர்ந்ததும் நல்ல இரும்பைத் தின்னத் தொடங்கும். இத்தனை ஆண்டு துருப்பிடித்த டேங்கில் சில இடங்களில் தகடு ஏற்கெனவே மெலிந்திருக்கும், அந்த இடத்தில்தான் ஓட்டை விழும். இன்னொன்றும் உண்டு. அந்த அமிலத்தில் கழுவிய இரும்பு மிகுந்த வேகத்தில் மறுபடி துருப்பிடிக்கும். கழுவி முடித்துத் துணியால் துடைப்பதற்குள் உட்புறம் முழுவதும் மஞ்சளாகிவிடுவதைப் பட்டறையில் நின்று பார்த்திருக்கிறேன். விளிம்பு மடிப்புக்குள் சிக்கிக்கொண்ட குளோரைடு எளிதில் வெளியே வராது, அங்கிருந்து துரு திரும்பத் தொடங்கும்.

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கிறார்களே, அது சிட்ரிக் அமிலம். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் வீதம் கரைத்து டேங்கைக் கழுத்து வரை நிரப்புங்கள். புல்லட் டேங்குக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ பிடிக்கும். பாதி நிரப்பிக் குலுக்குவதைவிட முழுதாக நிரப்பி விட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் மேற்கூரையின் உட்புறத்தில்தான் ஆவி குளிர்ந்து படிந்து துரு பிடிக்கிறது. அமிலம் மெதுவாக வேலை செய்யும். ஓர் இரவு கழித்துப் பாருங்கள். கரைசல் கரும்பச்சையாகி, தகடு சாம்பல் நிறத்தில் தெரிந்தால் போதும். துரு போன பிறகும் நாள்கணக்கில் ஊறவிடக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள்.

பாஸ்பாரிக் அமிலம் இன்னும் நல்லது. அது இரும்பின் மேல் பாஸ்பேட் படலம் ஒன்றை விட்டுச் செல்லும், அந்தப் படலம் மறு துருவைச் சற்றுத் தாமதப்படுத்தும், பூச்சு போட்டால் பிடிமானமும் தரும். கோலாவிலும் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது, அதை ஊற்றலாமா என்று ஒருவர் கேட்கிறார். இருக்கிறது, மிகக் கொஞ்சமாக; கூடவே சர்க்கரை ஏராளமாக. டேங்கில் துரு போகிறதோ இல்லையோ, எறும்பு வரும். இன்னொருவர் புளிக்கரைசலைச் சொல்கிறார். குத்துவிளக்கைப் பளபளக்கச் செய்யும் புளி துருவையும் ஓரளவு கரைக்கும்தான். ஆனால் புளிச்சக்கையைக் காக் துளை வழியாக வெளியே எடுத்துப் பார்த்தவர் அந்த யோசனையைச் சொல்லமாட்டார்.

அமிலத்துக்கு முன் காக், மூடி, ரப்பர் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். காக் துளையை ரப்பர் தக்கையால் அடைக்கலாம், அல்லது சிறு தகடும் ரப்பரும் வைத்துத் திருகி மூடலாம். பெயிண்டைக் காப்பாற்ற நினைப்பவர்கள் வெளிப்புறம் முழுவதும் தடிமனாக மெழுகு தேய்த்து, வாயைச் சுற்றி பிளாஸ்டிக் உறையை டேப்பால் ஒட்டுங்கள். இந்த டேங்குகளின் பொன்னிறக் கோடு சென்னையில் தூரிகையால் கையாலேயே இழுக்கப்பட்டது. அமிலம் வழிந்த கோட்டைத் திரும்ப வரைய அந்தக் கை வேண்டும்.

22 செப்டம்பர் 2025

நட்டும் சங்கிலியும் போட்டுக் குலுக்குவது பற்றி நான் எழுதாததைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். செதிலாக உரியும் கனத்த துருவுக்கு அது உதவும். எத்தனை நட்டு உள்ளே போட்டீர்கள் என்று எண்ணி எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள், அல்லது ஒரே துண்டான சங்கிலியைப் போட்டு நுனியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். காலிக் டேங்கில் இரும்பு மோதினால் பொறி வரும். தண்ணீரும் சோப்பும் ஊற்றிக்கொண்டே குலுக்குங்கள்.

24 செப்டம்பர் 2025

மின்சாரம் பாய்ச்சித் துரு எடுக்கும் மின்பகுப்பு முறையைக் கேட்டிருக்கிறார்கள். அமிலத்தைவிட மென்மையான முறை அது, நல்ல இரும்பைத் தொடாது. நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா கரைத்து டேங்கை நிரப்பி, மூடியின் வாய் வழியாகச் சாதாரண இரும்புக் கம்பி ஒன்றை டேங்கில் எங்கும் படாமல் தொங்கவிட வேண்டும். பேட்டரி சார்ஜரின் நேர்முனை கம்பிக்கு, எதிர்முனை டேங்குக்கு. மாற்றிக் கொடுத்தால் கம்பிக்குப் பதிலாக டேங்க் கரையும். இப்போதைய புத்திசாலி சார்ஜர்கள் பேட்டரியை உணராவிட்டால் மின்சாரமே தராது; பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகைதான் இதற்கு ஏற்றது.

எவர்சில்வர் கம்பியைப் பயன்படுத்துவதாக ஒருவர் பெருமையாக எழுதியிருக்கிறார், கம்பி தேயாமல் இருக்கிறதாம். அதில் உள்ள குரோமியம் கரைந்து நச்சுச் சேர்மமாகத் தண்ணீரில் கலக்கும், புற்றுநோய் வரவழைக்கும் வகை அது. உடனே நிறுத்துங்கள். சோடாவுக்குப் பதிலாகச் சமையல் உப்பும் போடக் கூடாது, குளோரின் வாயு வரும். சரியாகச் செய்தாலும் ஹைட்ரஜன் வெளியேறும். ஆகவே வெளியில், நெருப்புக்குத் தொலைவில், சார்ஜரின் சுவிட்சை அணைத்த பிறகே கம்பியைத் தொட வேண்டும்.

இதன் குறை என்னவென்றால், கம்பிக்கு நேரெதிரே உள்ள பரப்புதான் நன்றாகச் சுத்தமாகும். இரு மடல்களின் கோடியை அது சரிவர எட்டுவதில்லை. என் டேங்குக்கு மின்பகுப்பு முடித்து, மடல்களுக்காகச் சிட்ரிக் அமிலமும் பயன்படுத்தினேன். இரண்டும் எதற்கு என்று கேட்டால், முதலில் சார்ஜர் வீட்டில் இருந்தது, பிறகு பொறுமை தீர்ந்தது.

28 செப்டம்பர் 2025

உலர்த்துவதுதான் இதில் பாதி வேலை. சென்னைக் காற்றில் அதைச் செய்வது மதுரையில் செய்வது போல எளிதன்று.

அமிலத்தை வடித்தவுடன் ஆப்ப சோடா கலந்த நீரால் கழுவுங்கள். நுரை பொங்கும், மூடியை மூடிவிடாதீர்கள். நுரை அடங்கியதும் நல்ல தண்ணீர். அங்கிருந்து நேரத்தோடு போட்டி. ஸ்பிரிட் ஒரு குவளை ஊற்றி எல்லாப் பக்கமும் உருட்டி வடித்தால், மடிப்புகளில் தங்கிய தண்ணீரை அது இழுத்துக்கொண்டு வந்துவிடும். ஸ்பிரிட்டின் ஆவியும் தீப்பற்றக் கூடியது. எனவே அதற்குப் பின் உடனே ஹேர் டிரையரைப் பிடிக்காமல், முதலில் வெறும் காற்றை ஊதி ஆவியை வெளியேற்றிவிட்டுச் சூடான காற்றுக்குப் போங்கள். வெயிலில் கறுப்பு டேங்க் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும்; வாயும் காக் துளையும் திறந்திருக்கும்படி வைத்தால் உள்ளே காற்று ஓடும்.

உடனே பூச்சு போடப் போவதில்லை என்றால், காய்ந்ததும் சிறிது எஞ்சின் ஆயிலைப் பெட்ரோலில் கலந்து உள்ளே உருட்டிவிட்டு வடித்துவிடுங்கள். பழைய எஸ்டி, ஜாவா வண்டிகளில் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்தே ஊற்றுவதால் அவற்றின் டேங்குகள் இத்தனை ஆண்டுக்குப் பின்னும் உள்ளே ஓரளவு நன்றாக இருக்கின்றன. யமஹா ஆர்எக்ஸ் 100-உம் அவற்றைப் போல இரு வீச்சு (டூ-ஸ்ட்ரோக்) எஞ்சின்தான். ஆனால் அதில் ஆயிலுக்குத் தனிக் கலமும் பம்பும் இருப்பதால் டேங்குக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

5 அக்டோபர் 2025

அடைப்பது என்றதும் எல்லோரும் உள்பூச்சையே பேசுகிறீர்கள். நான் பார்த்த கசிவுகளில் பெரும்பாலானவை தகட்டில் இல்லை; காக் திருகும் இடத்தில், காக்கின் உள்ளே இருக்கும் ரப்பரில், மூடியின் வளையத்தில். டேங்கின் அடியில் ஈரம் தெரிந்தால் அது எங்கிருந்து வழிந்தது என்று பாருங்கள்.

காக்கைத் திரும்பப் பூட்டும்போது பழைய ஃபைபர் வாஷரை மீண்டும் போட வேண்டாம். திருகுப் புரிக்கு வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றும் பழக்கம் குழாய்க்காரர்களிடமிருந்து வந்தது. அதன் நூல் பிய்ந்து போய்க் கார்புரேட்டரின் நுண்துளையில் (ஜெட்) உட்காரும். பெட்ரோலைத் தாங்கும் புரிப்பசையை முதல் இரண்டு புரியை விட்டுவிட்டு மெல்லத் தடவுங்கள். சாதாரண சிலிக்கோன் பசை பெட்ரோலில் ஊறி உப்பிக் கழன்றுவிடும்.

முன்பெல்லாம் கேஸ்கட்டுக்கு அரக்குக் கரைசல் தடவுவார்கள். அரக்கைப் பெட்ரோல் கரைக்காது, அதனால்தான் அந்த வழக்கம் நின்று நிலைத்தது. ஆனால் அரக்கைக் கரைப்பதற்கு நாம் பயன்படுத்துவதே ஆல்கஹால். இன்றைய பெட்ரோலில் எத்தனால் என்ற ஆல்கஹால் இருக்கிறது. உங்கள் தாத்தா காலத்து மெக்கானிக் நல்ல வேலைக்காரராக இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்லைக் கேட்காதீர்கள்.

6 அக்டோபர் 2025

ஆம், நெடுஞ்சாலையில் டேங்க் ஒழுகினால் துணி சோப்பைத் தேய்த்து அடைப்பது உண்மையாகவே வேலை செய்யும். சோப்பு பெட்ரோலில் கரையாது. மழையில் கரைந்துவிடும். வீடு போய்ச் சேர்வதற்கு அது போதும். எம்-சீலும் அப்படித்தான்: ஒழுகிக்கொண்டிருக்கும் ஈரத் தகட்டில் ஒட்டாது, வடித்துக் காய்ந்து உப்புத்தாள் தேய்த்த தகட்டில் சில காலம் நிற்கும்.

12 அக்டோபர் 2025

எத்தனாலைப் பற்றித் தனியாக எழுதச் சொன்னார்கள். இந்தியாவில் 2022 ஜூனில் பெட்ரோலில் 10 விழுக்காடு எத்தனால் என்ற அளவு எட்டப்பட்டது. 20 விழுக்காட்டுக் கலவை 2023 பிப்ரவரியில் தேர்ந்தெடுத்த பெட்ரோல் பங்க்குகளில் தொடங்கி, இப்போது எங்கும் அதுவே கிடைக்கிறது. இந்த வண்டிகள் வடிவமைக்கப்பட்ட காலத்தில் எத்தனால் யார் கணக்கிலும் இல்லை.

எத்தனால் தண்ணீரை உறிஞ்சும். கொஞ்சம் தண்ணீர் என்றால் பெட்ரோலோடு கலந்து எஞ்சின் வழியாகவே எரிந்து போய்விடும், அது ஒரு வகையில் நன்மை. அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து அடியில் இறங்கும். 10 விழுக்காட்டுக் கலவை 15 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ அரை விழுக்காடு தண்ணீர் வரை தாங்கும். எத்தனால் கூடினால் தாங்கும் அளவும் கூடும். ஆகவே தினமும் ஓடும் வண்டிக்கு அச்சமில்லை. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில்தான் அடுக்கு பிரிகிறது. அந்த அடுக்கு வெறும் தண்ணீரைவிடக் கூடுதலாக உலோகத்தை அரிக்கும், காக்கின் அலுமினியத்தையும் சேர்த்து. பழைய துருவையும் வார்னிஷையும் எத்தனால் இளக்கிக் கொண்டுவந்து கார்புரேட்டரில் சேர்ப்பதும் உண்டு. புது பெட்ரோல் ஊற்றியதிலிருந்து வண்டி அடைக்கிறது என்று சொல்பவர்களில் சிலருடைய குறை இதுதான்.

19 அக்டோபர் 2025

இப்போது உள்பூச்சு.

பூச்சு தேவைப்படும் இடம் ஊசித்துளைகள் விழுந்த டேங்க். சாக்பீஸ் சோதனையில் கறை தெரியாத, துரு எடுத்ததும் உறுதியான தகடு தெரிகிற டேங்குக்குப் பூச்சு வேண்டாம் என்பது என் கட்சி. காரணம் எளியது. துரு தூளாக விழும், வடிகட்டி பிடிக்கும். பூச்சு தோலாக உரியும். உரிந்த தோல் காக்கின் வாயை மூடும், அடியில் தண்ணீரைச் சிறைப்படுத்தும், எடுப்பதற்கோ அசிட்டோன் போன்ற கரைப்பான்களோடு நாள்கணக்கில் போராட வேண்டும். நன்றாக இறுகிய எப்பாக்ஸி அந்தக் கரைப்பானுக்கும் அசையாது.

கடையில் ஒட்டுவதற்கு விற்கும் எப்பாக்ஸியை ஊற்றுவது வேறொரு தவறு. பாலியெஸ்டர் பிசினும் சாதாரண எப்பாக்ஸியும் எத்தனால் கலந்த பெட்ரோலில் நாளடைவில் இளகும். டேங்குக்கென்றே விற்கப்படும் நோவலாக் வகை எப்பாக்ஸியோ ஒற்றைக் கூறு யூரிதேனோதான் தாங்கும். எத்தனாலைத் தாங்குமா என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாவிட்டால் தாங்காது என்று கொள்ளுங்கள்.

பூசும் முறையில் எல்லோரும் தவறவிடுவது வடித்தல்தான். ஊற்றி, டேங்கை எல்லாப் பக்கமும் மெதுவாக உருட்டிய பிறகு, மிச்சத்தை முழுக்க வடிக்க வேண்டும். தேங்கி நிற்கும் குட்டையின் மேற்பரப்பு இறுகும், உள்ளே பச்சையாகவே இருக்கும், அங்கிருந்துதான் உரிய ஆரம்பிக்கும். இரு மடல் டேங்கில் இது எளிதன்று. இறுகத் தொடங்கும் வரை அடிக்கடி திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். காக் புரியில் கிரீஸ் தடவிய போல்ட்டைத் திருகி வைத்தால் புரி அடைபடாது. யூரிதேன் வகை காற்றின் ஈரத்தால்தான் இறுகுகிறது என்றாலும், ஈரம் மிகுந்த தகட்டில் குமிழி விட்டு நுரைத்துப்போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதைத் தொடாதீர்கள். முழுதாக இறுகுவதற்கு நான்கு நாள் கொடுங்கள், தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக மறுநாளே பெட்ரோல் ஊற்றாதீர்கள்.

20 அக்டோபர் 2025

பூச்சு போட்ட பிறகு வண்டி சில கிலோமீட்டர் ஓடி நின்றுவிடுகிறது, மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடுகிறது என்று எழுதியவருக்கு: மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. மூடியைக் கழற்றாமலே டேங்கைக் கவிழ்த்திருக்கிறீர்கள். ஊசியால் குத்துங்கள். வண்டி பிழைத்துக்கொள்ளும்.

2 நவம்பர் 2025

துளை பெரிதாக இருந்தால் பற்றவைக்கலாமே என்கிறார்கள். பற்றவைக்கலாம், ஆனால் நீங்கள் அல்லர். பெட்ரோல் டேங்கில் நெருப்பு வைத்து உயிரிழந்தவர்களில் பலர் டேங்கைக் கழுவிவிட்டுத்தான் தொடங்கியிருக்கிறார்கள். மடிப்பில் ஒளிந்திருக்கும் பெட்ரோல் குளிர்ந்திருக்கும்போது வாசனை தராது. சுடர் பட்டதும் ஆவியாகி வெளியே வரும். அனுபவமுள்ளவர்கள் பற்றவைக்கும் இடம் மட்டும் மேலே வரும்படி டேங்கைத் திருப்பி, அந்த இடத்துக்குச் சற்றுக் கீழ் வரை தண்ணீர் நிரப்பி, ஆவி தங்க இடமில்லாமல் செய்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். வேறு வண்டியின் சைலன்சர் புகையை டேங்குக்குள் விட்டுவிட்டுப் பற்றவைக்கும் முறையையும் பார்த்திருக்கிறேன். அந்தப் புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறது என்பது அந்த எஞ்சினுக்குத்தான் தெரியும். பார்த்துக்கொண்டு நின்றதே அதிகம்.

மெல்லிய தகட்டுக்கு ஆர்க் வெல்டிங்கைவிடப் பித்தளைப் பற்று நல்லது; சூடு குறைவு, தகடு கருகி ஓட்டை பெரிதாகாது. எதைச் செய்தாலும் பெயிண்ட் போகும்.

16 நவம்பர் 2025

அக்டோபர் 19 குறிப்பில் துளையில்லாத டேங்குக்குப் பூச்சே வேண்டாம் என்று எழுதியிருந்தேன். எண்ணூர்ப் பக்கம் கடலை ஒட்டிக் குடியிருக்கும் ஒருவர் எழுதியதைப் படித்த பிறகு அதற்கு ஓர் எல்லை வரைய வேண்டும் என்று தோன்றுகிறது. அவருடைய வண்டி ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடுகிறது, டேங்க் எப்போதும் பாதிதான் இருக்கிறது, எத்தனை முறை துரு எடுத்தாலும் மேற்கூரையில் திரும்ப வந்துவிடுகிறது. அவர் போடலாம். சுத்தமாக உலர்த்த முடிந்து, நல்ல பொருளும் கிடைத்தால் பூச்சு அவருக்கு லாபம்தான். அன்றாடம் ஓட்டி, அடிக்கடி நிரப்புபவருக்கு வேண்டாம் என்பதில் எனக்கு மாற்றமில்லை. முதலில் துருவை எடுத்து ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்கள். திரும்ப வந்தால் பூச்சைப் பற்றிப் பேசலாம். பூச்சு போட்டபின் அந்தத் தேர்வு கையில் இருக்காது.

7 டிசம்பர் 2025

வேளச்சேரி நண்பர் சாக்பீஸ் சோதனையை இப்போதுதான் செய்திருக்கிறார். காக் இல்லாத மடலின் அடியில், பற்றவைத்த விளிம்பை ஒட்டி ஒரே ஒரு கறை. படத்தைப் பார்த்தேன். அந்த இடம் எதிர்பார்த்ததுதான், தண்ணீர் இரண்டு ஆண்டு படுத்துக் கிடந்தது அங்கேதான்.

விரல்நகத்தால் அழுத்திப் பாருங்கள், தகடு அமுங்கினால் பூச்சு அதைக் காப்பாற்றாது. பூச்சு துளையை மூடும், பலத்தைத் தராது. அப்போது அந்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைக்கும் நல்ல டிங்கரைத் தேடுங்கள். அமுங்காவிட்டால், வெளியிலிருந்து ஈயப் பற்றும் உள்ளே பூச்சும் சேர்ந்து போதும். ஈயத்துக்கு நேரடிச் சுடர் தேவையில்லை. தொலைவில் அடுப்பில் காய்ச்சிய செப்புப் பற்றுக்கோலே போதும். ஆனாலும் அதற்கும் தண்ணீர் நிரப்பும் விதி பொருந்தும். மழை முடியும் வரை காத்திருங்கள். தை வெயிலில் உலர்த்திப் பூசுங்கள்.

புது டேங்கே வாங்கிவிடலாமா என்றும் கேட்கிறார். சந்தையில் கிடைக்கும் நகல் டேங்குகளின் தகடு மெல்லியது, சட்டத்தில் உட்காரும் இடமும் பல நேரம் பொருந்துவதில்லை. உங்களுடையதைச் சரிசெய்ய முடியும் வரை அதை விடாதீர்கள்.

11 ஜனவரி 2026

மிச்சமிருந்த இரண்டு கேள்விகளுக்கு.

கழுவிய அமிலத்தை அப்படியே சாக்கடையில் ஊற்றாதீர்கள். நுரை அடங்கும் வரை ஆப்ப சோடா போட்டு, நிறைய தண்ணீர் சேர்த்த பிறகு ஊற்றலாம். கெட்டுப்போன பெட்ரோலைத் தரையிலும் கொட்டக் கூடாது. பட்டறையில் பாகம் கழுவ வாங்கிக்கொள்வார்கள், தண்ணீர் பிரிந்த அடிப்பகுதியை மட்டும் தனியாக எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

வண்டியை நிறுத்தி வைக்கும்போது டேங்க் நிறைந்திருக்க வேண்டுமா, காலியாக இருக்க வேண்டுமா என்பதற்கு: சில வாரம் என்றால் கழுத்து வரை நிரப்பி, காக்கை மூடி, கார்புரேட்டரின் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். மாதக்கணக்கில் என்றால் முழுக்க வடித்து, காக்கைக் கழற்றித் துளையைத் துடைத்து, உள்ளே ஆயிலை உருட்டிவிட்டு, வாயைத் துணியால் கட்டி வையுங்கள். திரும்ப ஓட்டும் முன் ஒரு லிட்டர் பெட்ரோல் ஊற்றி அலசி வடித்தால் அந்த ஆயில் போய்விடும். முதல் சில நாள் குழாயில் கண்ணாடி போலத் தெரியும் வடிகட்டியை மாட்டுங்கள். காகித வடிகட்டி தண்ணீர் பட்டால் ஊறி அடைக்கும், இந்த வண்டியில் பெட்ரோல் தானாக இறங்குவதால் தள்ளிவிட பம்பும் கிடையாது.